ரயில் போன வழியிலே...

எடின்பரோவுக்குப் போய் வந்தேன் என்று யாராவது சொன்னால், "கோட்டையைப் பார்த்தீர்களா?" என்றுதான் முதலில் கேட்பீர்கள். நானும் பார்த்தேன். ஆனால் கோட்டையைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இன்று உங்களை நான் அழைத்துப் போகப் போகிற இடம் வேறு. அங்கே டிக்கெட் கிடையாது, காவலாளி கிடையாது, மணி அடிப்பவர் கிடையாது. அது ரயில் ஓடாத ரயில் பாதை!

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் ஒரு காலத்தில் ஊருக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக ரயில்கள் ஓடின. ஒரு கம்பெனி ஒரு பாதை போட்டால் போட்டிக் கம்பெனி அதன் பக்கத்திலேயே இன்னொன்று போடும். பிறகு பஸ் வந்தது, மோட்டார் வந்தது, ரயிலில் கூட்டம் குறைந்தது. ஒவ்வொரு பாதையாக மூடினார்கள். தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்த பிறகு, மிஞ்சிய இடத்தை மனிதர்கள் நடக்கவும் சைக்கிள் விடவும் விட்டுவிட்டார்கள். இன்று ஊரின் வடபாதி முழுவதும் மரங்கள் அடர்ந்த இந்தப் பாதைகளிலேயே நடந்து தீர்த்துவிடலாம். மோட்டார்ச் சத்தம் தலைக்கு மேலே பாலத்தில் கேட்கும். நம் காலடியில் காய்ந்த இலை மட்டும் சரசரக்கும்.

"அங்கே போவதென்றால் வசந்த காலத்தில் போகக் கூடாதா? டிஸம்பரில் போய் விறைத்துக் கொள்வானேன்?" என்று கேட்கிறீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். என்னை அழைத்துப் போனவள் என் தங்கையின் பெண். அந்த ஊரில் வேலை பார்க்கிறாள். அவள் சொன்ன பதில் இது:

"பெரியம்மா, கோடையில் வந்தால் வெறும் பச்சை இலைதான் தெரியும். இலை உதிர்ந்த பிறகு வந்தால்தான் ரயில் தெரியும்."

அவள் சொன்னது எவ்வளவு உண்மை என்று காமிராவைக் கண்ணில் வைத்த பிறகுதான் தெரிந்தது. கல் பாலத்தின் வளைவு, மண்ணில் பாதி புதைந்த பிளாட்பாரத்தின் விளிம்பு, கரியேறிய சுவர் எல்லாம் கோடையில் கொடிக்குள் ஒளிந்திருக்கும். குளிர்காலத்தில் வெளியே வந்து நிற்கும்.

வெளிச்சத்தின் கதை

புறப்படுவதற்கு முன் வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிஸம்பர் கடைசியில் எடின்பரோவில் சூரியன் உதிக்கக் காலை எட்டே முக்கால் ஆகிவிடும். மாலை மூன்றே முக்காலுக்குள் மறைந்துவிடுவான். பகல் ஏழு மணி நேரம்தான்! நடுப்பகலிலே கூட அவன் அடிவானத்திலிருந்து பத்து பாகைக்குச் சற்று மேலே மட்டும் ஏறுகிறான். அதே நாளில் நம் சென்னையில் 50 பாகைக்கு மேல் ஏறியிருப்பான்.

இதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. நம் ஊரில் காலை ஏழு மணிக்குக் கிடைக்கிற மஞ்சள் வெயிலும் நீண்ட நிழலும் அங்கே நாள் பூராவும் கிடைக்கும். வேலிக் கம்பி ஒவ்வொன்றும் பாதையின் குறுக்கே கோடு போட்டாற்போல நிழல் விழுத்தும். சூரியன் எதிரே இருந்தால், இடது கையைக் குடை மாதிரி லென்ஸுக்கு மேலே பிடித்துக்கொண்டு எடுங்கள். படம் வெளிறாமல் இருக்கும்.

அப்பாவி ரயில்

முதல் நாள் நாங்கள் போனது ஊரின் தென்கிழக்கே, ஸெயின்ட் லெனார்ட்ஸ் என்ற இடத்துக்கு. அங்கிருந்து புறப்படும் பாதைக்கு 'அப்பாவி ரயில்' என்று பெயர்! ரயிலுக்கு இப்படி ஒரு பெயரா என்று சிரிக்காதீர்கள். 1831-இல் திறந்த பாதை இது. டால்கீத் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து எடின்பரோ வீடுகளின் அடுப்புக்கு நிலக்கரி கொண்டு வருவதற்காகப் போட்டார்கள். இழுத்தது இயந்திரம் அல்ல, குதிரை. அடுத்த வருஷமே, "எங்களையும் ஏற்றிக் கொள்ளுங்கள்" என்று ஜனங்கள் ஏறிக்கொண்டார்கள்.

இந்த ரயிலில் ஒருவரும் சாகவில்லை, அதனால்தான் அந்தப் பெயர் என்று ஊரார் சொல்வதுண்டு. அது சரியல்ல, விபத்துகள் நேர்ந்திருக்கின்றன. புகை கக்கிக்கொண்டு பாயும் நீராவி ரயிலைக் கண்டு உலகம் மிரண்டிருந்த காலத்தில், குதிரை பூட்டிய இந்த வண்டி பரம சாதுவாகத் தோன்றியது. பெயரும் நிலைத்துவிட்டது.

பாதையின் தொடக்கத்திலேயே ஒரு சுரங்க வழி. நீளம் 517 மீட்டர். ஸ்காட்லாந்தின் மிகப் பழைய ரயில் சுரங்க வழிகளில் இது ஒன்று. முப்பது அடி போனால் ஓரடி இறங்கும் சரிவு. அந்தச் சரிவில் குதிரையால் பாரம் இழுக்க முடியாது. ஆகவே மேலே ஓரிடத்தில் நீராவி இயந்திரத்தை நிறுத்தி, கிணற்றில் வாளி இழுக்கிற மாதிரி வண்டிகளைக் கயிற்றால் இழுத்தார்கள். இப்போது உள்ளே மின்விளக்குகள் வரிசையாக எரிகின்றன. காமிராவை நடுங்காமல் பிடிக்க வேண்டுமானால் முழங்கையைச் சுவரில் ஊன்றிக் கொள்ளுங்கள். மூச்சை விட்டுவிட்டு, அடுத்த மூச்சு வாங்குவதற்கு முன் பொத்தானை அழுத்துங்கள். அந்தக் குளிரில் நம் மூச்சே ஆவியாகிக் காமிராவை மறைத்துவிடும்!

சுரங்க வழியை விட்டு வெளியே வந்ததும் 'ஆ!' என்று நின்றுவிட்டேன். இடது பக்கத்தில் ஆர்தர்ஸ் ஸீட் என்ற குன்று. உயரம் 251 மீட்டர்தான். ஆனால் அவிந்துபோன எரிமலை. அதன் பக்கவாட்டில் தூண் தூணாகக் கருங்கல் அடுக்கு. 'சாம்ஸனின் விலா எலும்புகள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச தூரம் போனால் டடிங்ஸ்டன் ஏரி. கறுப்பு உடை தரித்த பாதிரியார் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில் பனிக்கட்டி மேல் வழுக்கிக்கொண்டு போகிற ஓவியத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். ஹென்றி ரேபர்ன் வரைந்ததாகப் போற்றப்படும் அந்தப் படத்தில் இருப்பது இந்த ஏரிதான். நாங்கள் போன அன்று ஓரங்களில் மட்டும் மெல்லிய பனித் தகடு. நடுவே வாத்துகள், எங்களுக்கு வழி சொல்வது போலக் கத்திக்கொண்டிருந்தன.

அங்கே நான் செய்த அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். குளிர் தாங்காமல் ஒரு டீக்கடைக்குள் நுழைந்தேன். உள்ளே வெதுவெதுப்பு. அடுத்த நிமிஷம் காமிராவின் லென்ஸ் இட்டிலிப் பானை மூடி மாதிரி வியர்த்துவிட்டது! துடைக்கத் துடைக்க மறுபடி ஈரம். அன்றைய படம் எடுப்பு அதோடு சரி. "உள்ளே போகும் முன் காமிராவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டணும், பெரியம்மா. ஈரம் பைமேல் படியும், லென்ஸ்மேல் படியாது" என்றாள் தங்கை பெண். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்! பாட்டரியும் அப்படித்தான். குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். உபரியாக ஒன்றைக் கோட்டின் உட்பையில், உடம்புச் சூட்டில் வைத்துக் கொள்ளுங்கள்.

ரோஸ்பர்னிலிருந்து கடலுக்கு

மறுநாள் நடந்த பாதைதான் அவளுடைய பாதை. தினமும் வேலைக்கு அதில்தான் போய் வருகிறாள்.

ஊர் நடுவே பிரின்ஸஸ் தெருவின் மேற்குக் கோடியில் சிவப்புக் கல்லால் கட்டிய ஒரு பெரிய ஹோட்டல் நிற்கிறது. 1903-இல் கலிடோனியன் ரயில்வே கம்பெனி திறந்தது. அதற்குப் பின்னால் இருந்த பெரிய ஸ்டேஷனை 1965-இல் மூடிவிட்டார்கள். ஹோட்டல் மட்டும் தங்கிவிட்டது. அந்த ஸ்டேஷனிலிருந்து லீத் துறைமுகம் வரையில் ஒரு கிளைப் பாதை போயிற்று. 1879 முதல் பிரயாணிகளை ஏற்றியது. 1962 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு பிரயாணி வண்டி நின்றது. சாமான் வண்டிகள் இன்னும் சில வருஷங்கள் ஓடி, அவையும் நின்றன.

ரோஸ்பர்ன் என்ற பேட்டையில் படியேறிப் பாதையைப் பிடித்தோம். அங்கிருந்து கடற்கரையில் இருக்கும் நியூஹேவனுக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர். ராத்திரி பெய்த உறைபனி இன்னும் உருகவில்லை. முள்வேலியில், சிலந்தி வலையில், கைப்பிடிச் சுவரில் எல்லாம் ரவை தூவினாற்போல வெள்ளை. இலையெல்லாம் போன காட்டு ரோஜாச் செடியில் சிவப்புக் காய்கள் மட்டும் குங்குமப் பொட்டாக நின்றன. பாதையின் சரிவுகளில் நரியும், பாட்ஜர் என்று ஒரு கோடு போட்ட முகமுள்ள பிராணியும் வளை தோண்டி வாழ்கின்றனவாம். பகலில் அவை வெளியே வருவதில்லை. ராபின் குருவி ஒன்றுதான், நெஞ்சில் செந்தூரம் பூசிக்கொண்டு, படம் எடுக்கிற வரையில் பொறுமையாக உட்கார்ந்திருந்தது.

வெள்ளைப் பனியைப் படம் எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். காமிராவுக்கு வெள்ளையைக் கண்டால் சந்தேகம். 'இவ்வளவு வெளிச்சமா?' என்று பயந்து, படத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும். கொஞ்சம் அதிகமாக வெளிச்சம் கொடுக்கும்படி நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும். கைபேசியில் எடுத்தாலும் இதே கதைதான்.

லீத் ஆற்றின் மேல் கோல்ட்பிரிட்ஜ் பாலத்தைக் கடந்தோம். மேலும் சிறிது தூரத்தில் கிரெய்க்லீத் ஸ்டேஷன். ஸ்டேஷன் என்றா சொன்னேன்? கட்டிடம் ஒன்றும் இல்லை. பிளாட்பாரத்தின் விளிம்புக் கற்கள் மட்டும் பாசி பிடித்து நிற்கின்றன. பக்கத்தில் ஒரு பெரிய கடைவளாகம். அந்த இடம் முன்பு புகழ்பெற்ற கல் குவாரி. எடின்பரோவின் 'புது நகர'த்து அழகான வீதிகளுக்கு இங்கிருந்துதான் கல் போயிற்று. குவாரி தூர்ந்தது, ரயில் போயிற்று, இப்போது ஜனங்கள் வண்டி தள்ளிக்கொண்டு சாமான் வாங்குகிறார்கள்.

பிளாட்பாரத்தில் ஒரு பிரயாணி

அந்த மொட்டைப் பிளாட்பாரத்தருகே ஒரு மூதாட்டி நின்றுகொண்டிருந்தாள். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நீலக் கோட்டு, கம்பளித் தொப்பி, கையில் ஒரு கிழ நாய். என் காமிராவைப் பார்த்துவிட்டு, "எதைப் படம் எடுக்கிறாய், கண்ணே? இங்கேதான் ஒன்றும் இல்லையே!" என்று சிரித்தாள்.

"இல்லாததைத்தான்" என்றேன்.

அவ்வளவுதான், பேச்சு பிடித்துக்கொண்டது. சிறு பெண்ணாக இருந்தபோது அவள் அம்மாவோடு இதே பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருக்கிறாளாம். வண்டி வருவதற்கு முன்னே பாலத்தின் அடியில் புகை தெரியுமாம். "வெள்ளைச் சட்டை போட்டுக் கொண்டு வந்தால் அம்மா திட்டுவாள்" என்றாள்.

அப்போதுதான் என் தங்கை பெண் மனசில் இருந்த கவலையைக் கேட்டாள். விஷயம் இதுதான். எடின்பரோவில் பழைய டிராம் வண்டிகளை 1956-இல் நிறுத்தினார்கள். பல வருஷம் கழித்து, 2014-இல் புது டிராம் வந்தது. 2023-இல் அதை நியூஹேவன் வரையில் நீட்டினார்கள். ஊரின் வடக்கே இருக்கும் கிரான்டன் பக்கத்துக்கும் டிராம் விட வேண்டும் என்று பேச்சு. இந்த ரோஸ்பர்ன் பாதை வழியே விடலாம் என்று 2006-லேயே சட்டம் இயற்றினார்கள், ஆனால் போடவில்லை. 2025-இல் மாநகராட்சி மறுபடி மக்களைக் கேட்டது: டிராம் இந்தப் பாதை வழியே போகலாமா, அல்லது ஆர்ச்சர்ட் பிரே என்ற சாலை வழியே போகலாமா என்று. சாலை வழி என்றால் போக்குவரத்து நெரிசல். பாதை வழி என்றால் பல மரங்களை வெட்ட வேண்டும். இருக்கிற அமைதி போய்விடும்.

"இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலம் நான் அழாத நாள் கிடையாது, பெரியம்மா. இந்தப் பாதையில் நடந்து நடந்துதான் சரியானேன்" என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று மூதாட்டியை இங்கிலீஷில் கேட்டாள்.

பாதையைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் பாட்டி சொல்லப் போகிறாள் என்று நான் எதிர்பார்த்தேன். நீங்களும் அப்படித்தானே நினைத்தீர்கள்?

"டிராம் வரட்டுமே!" என்றாள் அவள். "என் தங்கை கிரான்டனில் இருக்கிறாள். முழங்கால் வலி. பஸ்ஸுக்கு நின்று நின்று அலுத்துவிட்டாள். ரயிலை நிறுத்தினபோது எங்களை யார் கேட்டார்கள்? அறுபது வருஷத்துக்கு மேலாக நான் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிறேன்!"

தங்கை பெண் முகம் சுண்டிவிட்டது. மூதாட்டி அதைக் கவனித்துவிட்டாள் போலிருக்கிறது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆனால் அந்த முள்மரம் போய்விட்டால் எனக்கும் அழுகை வரும், கண்ணே. இதன் நாய்க்குட்டிப் பருவத்திலிருந்து அதன் கீழேதான் நிற்கிறோம்" என்றாள்.

பிறகு அவளே கேட்டாள்: "என்னை ஒரு படம் எடுப்பாயா?" பிளாட்பாரத்தின் விளிம்பில் போய் நின்றுகொண்டாள். நான் சொல்லாமலே முகத்தைத் தெற்கே, வண்டி வரும் திசையில் திருப்பினாள்.

மீன்காரிகளின் முகம்

கடல் நோக்கிப் பாதை இறங்குகிறது. வழியில் ஐந்து பாதைகள் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. எல்லாம் பழைய ரயில் தடங்களே. நியூஹேவன் சேர்ந்தபோது மணி இரண்டரை. வெயில் அதற்குள் ஆரஞ்சுப் பழமாகிவிட்டது.

காமிரா வைத்திருக்கிற எவரும் இந்தச் சிறு மீன்துறையில் ஒரு நிமிஷம் தலைவணங்க வேண்டும். காரணம் கேளுங்கள். 1843-இல் டேவிட் ஆக்டேவியஸ் ஹில் என்ற ஓவியரும், ராபர்ட் ஆடம்ஸன் என்ற இளைஞரும் சேர்ந்து எடின்பரோவின் கால்டன் குன்றில் ஒரு படப்பிடிப்புக் கூடம் நடத்தத் தொடங்கினார்கள். போட்டோ என்ற கலையே பிறந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. காகிதத்தில் நெகட்டிவ் எடுத்து, அதைக் காகிதத்திலேயே அச்சிடும் காலோடைப் முறை அவர்களுடையது. டால்பட் என்பவர் இங்கிலாந்தில் அதற்குப் பேடன்ட் வாங்கியிருந்தார். ஸ்காட்லாந்தில் அது செல்லாது. ஆகவே இவர்களுக்குத் தடையில்லை. படம் பதிய நல்ல வெயில் வேண்டும். எல்லாரையும் வெட்டவெளியில் உட்கார வைத்து, "அசையாதீர்கள்" என்று கெஞ்சித்தான் எடுத்தார்கள்.

பெரிய மனிதர்களை எடுத்ததோடு நிற்காமல், அவர்கள் நியூஹேவனுக்கு வந்தார்கள். இங்கே புருஷர்கள் கடலில் மீன் பிடிப்பார்கள். பெண்கள் அந்த மீனைப் பிரம்புக் கூடையில் போட்டு, பட்டையை நெற்றியில் மாட்டி முதுகில் சுமந்து, மேட்டிலே இருக்கிற நகரத்துக்கு நடந்துபோய் வீடு வீடாக விற்பார்கள். கோடு போட்ட பாவாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தி, தலையில் வெள்ளைத் துணி அணிந்த அந்தப் பெண்களை ஹில்லும் ஆடம்ஸனும் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. எலிஸபெத் ஜான்ஸ்டன் ஹால் என்ற மீன்காரியின் படத்தைப் பற்றி வால்டர் பெஞ்சமின் என்ற ஜெர்மன் அறிஞர் 1931-இல் எழுதியிருக்கிறார். அவர்களுக்கு உதவியாக இருந்த ஜெஸ்ஸி மான் என்ற பெண்மணியை உலகின் முதல் பெண் போட்டோகிராபர்களில் ஒருவராக இன்று மதிக்கிறார்கள்.

ஆடம்ஸன் 1848-இல், இருபத்தாறாவது வயதில் இறந்துபோனார். நாங்கள் நடந்து வந்த இந்தத் தடத்தில் பிரயாணி ரயில் ஓடத் தொடங்கியது அதற்கு முப்பத்தொரு வருஷம் கழித்து. ரயில் வந்தது, போயிற்று. கூடை சுமந்த கடைசி மீன்காரிகளும் 1970-களில் ஓய்ந்தார்கள். அந்தப் பெண்களின் முகம் மட்டும் நேற்று எடுத்தாற்போல இருக்கிறது. நமக்கும் இதில் ஒரு சொந்தம் உண்டு: 1858-இல் லின்னேயஸ் ட்ரைப் மதுரைக் கோவிலையும் தஞ்சைப் பெரிய கோவிலையும் படம் எடுத்ததும் இதே போலக் காகித நெகட்டிவில்தான்.

நீங்கள் போனால்

வாசக சகோதரிகளே, எடின்பரோவில் உங்கள் பெண்ணோ பிள்ளையோ இருந்து, குளிர்காலத்தில் போக நேர்ந்தால், இந்தப் பாதையில் ஒருநாள் நடங்கள். வழுக்காத அடிப்பாகம் உள்ள செருப்பு, இரண்டு சோடி காலுறை, விரல் நுனி திறந்த கையுறை, பிளாஸ்க்கில் காப்பி, இவை போதும். பின்னாலிருந்து சைக்கிள் மணி கேட்டால் இடப்பக்கம் ஒதுங்குங்கள். மனிதர்களைப் படம் எடுக்குமுன் கேட்டுவிட்டு எடுங்கள். மூன்று மணிக்குள் திரும்பும் வழியைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தோம். பனி, பாலம், குருவி எல்லாம் நன்றாகவே விழுந்திருந்தன. நீலக் கோட்டு மூதாட்டியின் படம் வந்ததும் தங்கை பெண் வெகுநேரம் பேசவில்லை.

"என்னடி?" என்றேன்.

"இந்தப் படத்தில் அந்த முள்மரமும் விழுந்திருக்கிறது, பெரியம்மா. இரண்டு பிரதி போடலாம். ஒன்று எனக்கு. இன்னொன்றை எடுத்துக்கொண்டு நாளைக்கு அதே நேரத்துக்கு அங்கே போகிறேன். நாயை அழைத்துக்கொண்டு அவள் வருவாள்."

"டிராம் சண்டை?"

"அதையும் போட்டுக்கொண்டே நடக்கிறோம்" என்றாள்.